கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்லத் தெரிந்தவர்

கேள்வி இது: நியூயார்க் பக்கம் குடிவந்து ஓராண்டாகிறது. கணவன், மனைவி இருவருக்கும் ஃப்ளை ஃபிஷிங் கற்க ஆசை. இருவருமே தூண்டிலைத் தொட்டதில்லை. வழிகாட்டி ஒருவரை அமர்த்துவதென்றால் அவருடைய பின்னணியில் எதைப் பார்ப்பது? ஒன்றுமே தெரியாதவர்களுக்கு அவர் எப்படிச் சொல்லித்தருவார்?

நான் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், பீவர்கில், வில்லோவீமாக் ஆறுகளில் வார இறுதி வழிகாட்டியாக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது தாமிரபரணிக் கரை. தங்கூசியில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்த கை. இந்தக் கோலைப் பிடித்தது முப்பது வயதுக்கு மேல், இங்கே வந்த பிறகுதான். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல்முறை வருகிறவர்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வழிகாட்டி எவ்வளவு பெரிய மீன் பிடித்தார் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தன் கை செய்வதை அவரால் வார்த்தையில் சொல்ல முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அபாரமாக வீசுபவர்கள் பலரை எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று “இப்படி, இப்படி” என்று வீசிக் காட்டுவார்கள். நாம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்போம். கோல் நம் கைக்கு வந்ததும் எல்லாம் சிக்கல் விழும்.

மற்ற மீன்பிடிக்கெல்லாம் தேவைப்படாத ஆசிரியர் இதற்கு மட்டும் ஏன் என்று தோன்றலாம். நம் ஊர்த் தூண்டிலில் முள்ளுக்கு மேலே ஈயக்குண்டு இருக்கும். குண்டை எறிந்தால் அது தங்கூசியை இழுத்துக்கொண்டு போய் விழும். ஃப்ளை என்பது ஒரு சிறு முள்ளின் மேல் சேவல் இறகையும் முயல் மயிரையும் நூலால் சுற்றிப் பூச்சிபோலக் கட்டியது. ஊதினால் பறந்துவிடும், அதை எறிய முடியாது. அதனால் இங்கே எடை, கோலிலிருந்து நீளும் தடித்த நூலான லைனில் இருக்கிறது. ட்ரவுட் மீனுக்கு வழக்கமாகப் பயன்படும் 5ஆம் எண் லைனில் முதல் 30 அடியின் எடை ஏறத்தாழ 9 கிராம். அந்த 9 கிராமும் 30 அடி நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. அதைத் தலைக்குப் பின்னால் காற்றில் நேராக விரித்து, விரிந்து முடிந்த கணத்தில் முன்னால் திருப்ப வேண்டும். அப்போதுதான் கோல் வில்லாக வளைந்து, நிமிரும்போது லைனைத் தள்ளும். இதற்குப் பலம் உதவாது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள்தான் முதல் ஒரு மணி நேரம் அதிகம் திணறுகிறார்கள்.

பின்னணிக்கு வருகிறேன். வழிகாட்டி என்றால் மலையிலேயே பிறந்து, நடக்கத் தொடங்கிய நாள்முதல் ஆற்றில் கிடந்தவராக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மேய்ன் மாநிலம் வழிகாட்டிகளைப் பதிவு செய்யத் தொடங்கிய 1897இல், முதல் உரிமம் போனது கார்னீலியா கிராஸ்பி என்ற பெண்மணிக்கு. வங்கியில் வேலை பார்த்தவர். உடல்நிலை சரியில்லாமல், காற்றாட வெளியே இருக்கும்படி மருத்துவர் சொன்னதால் காட்டுப் பக்கம் வந்தவர். தான் மீன் பிடித்ததைப் பத்திரிகையில் எழுதி எழுதியே ஊருக்குத் தெரிந்தார். ‘ஃப்ளை ராட்’ என்பதே அவருடைய பட்டப்பெயராகிவிட்டது. பேர்பெற்ற வீச்சு ஆசிரியரான மேரிலாந்தின் லெஃப்டி க்ரே (1925–2018) இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பி, ராணுவத்தின் உயிரியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் முறைவேலை பார்த்தவர். வேலையில்லாத நேரமெல்லாம் ஆற்றில் நின்று, கோலைக் கடிகார முள்ளின் பத்துக்கும் இரண்டுக்கும் இடையில் மட்டும் ஆட்ட வேண்டும் என்ற பழைய பாடத்தைத் தன் கையால் சோதித்து, அதை விட்டுவிட்டார். லைனின் நுனி நகரத் தொடங்காதவரை வீச்சே தொடங்கவில்லை என்பது அவர் கற்பித்த அடிப்படைகளில் ஒன்று. நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லும் வாக்கியமும் அதுதான்.

ஆனால் கற்பிப்பது என்று வந்தால் என் மனதில் முதலில் நிற்பவர் ஜோன் வுல்ஃப். 1926இல் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் பிறந்தவர். தந்தை மீன்பிடி, வேட்டைப் பொருள்கள் விற்கும் கடை வைத்திருந்தார். ஜோனுக்குப் பத்து வயதிருக்கும்போது, அப்பாவின் கோலைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய் வீசிப் பார்த்திருக்கிறார். கோலின் நுனித்துண்டு கழன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வாருகோலால் துழாவி எடுத்துக் கொடுத்தார். அப்பா திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னோடு வீச்சுப் பயிற்சிக் கழகத்துக்கு அழைத்துப்போனார். 1943க்கும் 1960க்கும் இடையில் ஜோன் 17 தேசியப் பட்டங்கள் வென்றார். 1951இல் தூர வீச்சுப் போட்டி ஒன்றில் அவரைத் தவிர எல்லோரும் ஆண்கள், வென்றவர் அவர். 1960இல் அவர் வீசிய தூரம் 161 அடி.

எனக்கு இந்தப் பட்டங்களைவிட முக்கியமாகப்படுவது இன்னொன்று. இளவயதில் அவர் நாட்டியப் பள்ளி நடத்தியவர். பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தே பல ஆண்டுகள் பிழைத்தவர். நடனம் கற்பிக்கிறவருக்கு ஓர் அசைவைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டாமல் வழியில்லை. பாதம் எங்கே, இடுப்பு எங்கே, எடை எந்தக் காலில், எந்த எண்ணிக்கையில் திரும்புவது என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டும். வீச்சைப் பற்றி அவர் யோசித்ததும் இதே வழியில்தான். சிறிய கையும் மெல்லிய மணிக்கட்டும் உள்ள தனக்கு ஆண்களுக்குச் சொன்ன பாடம் பொருந்தவில்லை என்பதால் அப்படி யோசித்தாக வேண்டியிருந்தது. ஒரு வீச்சை அவர் மூன்றாகப் பிரித்தார். முதலில் மெதுவாக நகர்த்திக் கோலில் எடை ஏற்றுவது. அடுத்து, பெருவிரல் முன்னே தள்ள, கீழ்விரல்கள் பின்னே இழுக்க, ஒரு சொடுக்கு. பிறகு தளர்ந்து தொடர்வது. நடுவிலுள்ளதை ‘பவர் ஸ்னாப்’ என்றார். இன்று உலகம் முழுவதும் ஆசிரியர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு முன்பும் எல்லாருடைய கையும் அதைச் செய்துகொண்டுதான் இருந்தது, பெயர்தான் இல்லை. பெயர் கிடைத்த பிறகு மாணவரிடம் “உங்கள் சொடுக்கு சீக்கிரமாக வந்துவிடுகிறது” என்று சொல்ல முடிகிறது. 1979இல் அவரும் கணவர் லீ வுல்ஃபும் பீவர்கில் ஆற்றின் மேற்பகுதியில், லூ பீச் என்ற சிற்றூரில் பள்ளி தொடங்கினார்கள். இந்தப் பக்கத்து வழிகாட்டிகள் எங்கே படித்தவர்களாக இருந்தாலும் அந்தப் பள்ளியின் சொற்கள் அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கும். என்னிடமும் வந்து சேர்ந்திருக்கின்றன.

நான் கற்பிக்கும் முறைக்கு வேறொரு காரணமும் உண்டு. முதன்முதலில் பணம் கொடுத்து ஒரு வழிகாட்டியோடு போனது மேற்கே ஒரு பெரிய ஆற்றில், படகில். அவரே முடிச்சுப் போட்டார், அவரே ஃப்ளையைத் தேர்ந்தெடுத்தார், “அந்தப் பாறைக்கு இடப்பக்கம் போடுங்கள், இப்போது தூக்குங்கள்” என்றார். அன்று 11 மீன். தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் தனியாக ஓர் ஓடைக்குப் போய் நின்றபோதுதான் தெரிந்தது, எனக்கு ஒரு முடிச்சுக்கூடப் போடத் தெரியாது. மீன் எங்கே நிற்கும் என்று தெரியாது. ஏதாவது பிடிபட்டிருந்தாலும் அதை எப்படி விடுவிப்பது என்றும் தெரிந்திருக்காது. அந்த 11 மீனையும் பிடித்தவர் அவர். கோல் மட்டும் என் கையில் இருந்தது. அதனால் என்னிடம் வருகிறவர்கள் அடுத்த வாரம் நான் இல்லாமல் போய் நிற்க முடிகிறதா என்பதுதான் எனக்குக் கணக்கு. மீன் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

முதல் நாள் காலை நாங்கள் ஆற்றுக்குப் போவதில்லை. புல்வெளிக்குப் போகிறோம். லைனின் நுனியில் முள் இருக்காது, ஒரு சிவப்புக் கம்பளி நூல் துணுக்கு மட்டும். தொப்பியும் கண்ணாடியும் போட்ட பிறகுதான் கோலைக் கொடுப்பேன். பின்னால் முள் வந்து கண்ணில் பட்டுவிடக் கூடாது என்ற பழக்கம் முள் இல்லாதபோதே தொடங்கிவிட வேண்டும்.

புதிதாக வருகிறவர் எல்லாரும் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, மணிக்கட்டை மடக்கிக் கோலைப் பின்னால் தரை வரைக்கும் சாய்த்துவிடுவது. லைன் போய்ப் புல்லில் படுத்துக்கொள்ளும். இதற்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை. கோலின் அடிக்கட்டையைச் சட்டைக் கைக்குள் செருகிவிட்டால் மணிக்கட்டு மடங்காது. பத்து வீச்சில் கை தானே புரிந்துகொள்ளும். இரண்டாவது தவறு காத்திருக்காதது. லைன் பின்னால் விரிந்து முடிவதற்குள் முன்னால் இழுத்துவிடுகிறார்கள், சாட்டை மாதிரி ‘பட்’டென்று சத்தம் வரும். ஆற்றில் அந்தச் சத்தம் வந்தால் ஃப்ளை அறுந்து போயிருக்கும்.

காத்திருக்கச் சொல்வதுதான் இருப்பதிலேயே கடினமான பாடம். “ஒரு நொடி நில்லுங்கள்” என்பது தவறான அறிவுரை, ஏனென்றால் லைன் நீள நீளக் காத்திருக்கும் நேரமும் நீளும். ஊஞ்சலைச் சொல்லிப் பார்த்தேன்: பின்னால் போன ஊஞ்சல் உச்சியில் நின்று திரும்பும் அந்தக் கணம். சிலருக்குப் புரிந்தது. ஒருநாள், சிறுவயதில் பரதம் கற்ற ஒரு பெண் வந்திருந்தார். அரைமணி நேரமாக அவருக்கு வரவே இல்லை. “தாளத்தில் கார்வை விடுவோமே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். அடி விழுந்துவிட்டது, ஒலி முடியட்டும்” என்றேன். அடுத்த வீச்சிலேயே லைன் பின்னால் நேராக நீண்டு நின்றது. அவரே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஜோன் வுல்ஃப் நாட்டிய ஆசிரியர் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இப்போது தமிழர் யார் வந்தாலும் ‘கார்வை’ என்றே சொல்கிறேன். மிருதங்கம் தெரியாதவர்களுக்கும் அந்தச் சொல் எப்படியோ பிடித்துவிடுகிறது.

எல்லாருக்கும் ஒரே சொல் எடுபடாது. கலிபோர்னியாவில் கற்பித்த மெல் க்ரீகர், மாணவர்களில் பொறியாளர், கவிஞர் என்று இரண்டு வகை உண்டு என்பார். ஏன், எப்படி என்று தெரிந்தால்தான் ஒருவருக்குக் கை நகரும். இன்னொருவருக்கு அந்த உணர்வு ஒருமுறை கிடைத்தால் போதும், விளக்கம் குறுக்கே நிற்கும். நம் ஆட்களில் மென்பொருள் துறைக்காரர்கள் அதிகம் என்பதால் எல்லாரும் முதல் வகை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கோலின் வளைவைப் பற்றிக் காலையெல்லாம் கேள்வி கேட்டவர், கண்ணை மூடிக்கொண்டு வீசச் சொன்னதும் சரியாக வீசியிருக்கிறார்.

ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன். “லைன் எங்கே விழுந்தது?” என்று அவரையே கேட்பேன். பின்னால் புல்லில் விழுந்தது என்று அவர் வாயால் சொன்னால், அடுத்த வாரம் நான் இல்லாதபோதும் அதைக் கவனிப்பார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கோலைக் கீழே வைத்துவிட்டு முடிச்சுப் பழகுவோம். நைலான் முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும். காய்ந்தபடி இழுத்தால் உரசும் சூட்டில் நைலான் பலமிழக்கும். முடிச்சு அவிழ்ந்து நழுவும் மீன்களில் பாதி இங்கே போகிறது என்பது என் எண்ணம்.

மதியம் ஆற்றங்கரை. அப்போதும் உடனே வீச விடமாட்டேன். முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு கூழாங்கல்லைப் புரட்டச் சொல்வேன். அடியில் மேஃப்ளைப் பூச்சியின் இளம்பருவம் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வகைகள் ஓராண்டு தண்ணீருக்குள் கிடந்து, ஒருநாள் மேலே வந்து, சிறகு விரித்து, ஓரிரு நாளில் செத்துப்போகும். முதல் மழைக்கு அடுத்த மாலை ஈசல் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஈசல் கிளம்பினால் கோழியும் காக்கையும் எப்படி அலைபாயுமோ, அப்படித்தான் ட்ரவுட்டும். நம் கையிலுள்ள ஃப்ளை எதன் பொம்மை என்று அப்போது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

பிறகு ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் விடுவேன். ட்ரவுட் எதிர்நீரோட்டத்தைப் பார்த்தபடி நிற்கும். ஓட்டம் கொண்டுவரும் இரையைத் தின்னும். வேகமான நீருக்கும் மந்தமான நீருக்கும் நடுவே ஒரு வரப்பு மாதிரி கோடு தெரியும். மந்தத்தில் நின்று, வேகத்தில் வருவதை எட்டிப் பிடிக்கிறது மீன். அதற்குக் குறைந்த உழைப்பு, நிறைந்த தீனி. இலை போகிற வேகத்திலேயே ஃப்ளையும் போனால் மீன் நம்பும். லைன் வேகநீரில் சிக்கி ஃப்ளையை இழுத்தால், தண்ணீரின் மேல் கோடு கிழியும், மீன் இறங்கிவிடும். லைனைத் தூக்கி நீரோட்டம் வரும் பக்கமாகப் போடும் வித்தையை அந்த இடத்தில்தான் சொல்லித்தருவேன், ஏனென்றால் அப்போதுதான் அது எதற்கு என்று தெரிகிறது. முதல் நாளில் 25 அடிக்கு மேல் யாரையும் வீச விடுவதில்லை. இந்த ஆறுகளில் பெரும்பாலான மீன் அந்தத் தூரத்துக்குள்ளேயே நிற்கிறது.

தண்ணீரில் இறங்குவது பற்றி மட்டும் கண்டிப்பாக இருப்பேன். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர வேண்டும். தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகா உடையின் இடுப்புவார் இறுக்கமாக இருக்க வேண்டும். வழுக்கி விழுந்தால் எழுந்து நிற்கப் போராடாமல் மல்லாந்து, கால் நீரோட்டம் போகும் பக்கம் இருக்கும்படி மிதந்து, மந்தநீரில் ஒதுங்க வேண்டும். இதைச் சொல்லித்தராமல் நேரே ஆற்றுக்குள் அழைத்துப்போகிறவரோடு போகாதீர்கள்.

மீன் பிடிபட்டால் நனைந்த கையால் தண்ணீரிலேயே வைத்து விடுவிப்போம். முள் எளிதாகக் கழலும்படி அதன் நுனியருகே உள்ள எதிர்க்கொக்கியை முன்பே நசுக்கியிருப்பேன். தூண்டிலில் பிடிக்கும் இந்த மாதிரி மீன் மிகவும் மதிப்புள்ளது, ஒரே முறை பிடித்து முடித்துவிடக் கூடாது என்ற கருத்தை லீ வுல்ஃப் 1939லேயே எழுதினார். இங்கே பெரும்பாலோர் இன்று அப்படித்தான் பிடிக்கிறார்கள். தண்ணீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நான் ட்ரவுட்டுக்குப் போவதில்லை. விட்டாலும் அது பிழைப்பது கடினம். ஜூலையில் பதிவு செய்தவர்களுக்கு அன்று காலை தொலைபேசியில் ரத்து என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வழிகாட்டி வெப்பமானி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். (நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் அமைத்து எச். சி. வில்சன் நிலைபெறச் செய்த ட்ரவுட்டுக்கும் குளிர்ந்த நீர்தான் உயிர். அதனால்தான் அவ்வளவு உயரத்தில்.)

நீங்கள் இருவராக வருவதால் ஒன்று சொல்ல வேண்டும். ஜோன் வுல்ஃப் தன் சிறுவயது நினைவு ஒன்றைச் சொல்வதுண்டு. இரவில் பெற்றோரோடு படகில் போவார். அப்பா கரையை நோக்கி வீசுவார், அம்மா துடுப்புப் போடுவார். கரைக்கு மிக அருகே போய்விட்டது, மிக விலகிவிட்டது என்று அம்மாவுக்குத்தான் எப்போதும் பேச்சு விழும். துடுப்புப் போடுவதைவிட மீன் பிடிப்பது மேல் என்று அந்தச் சிறுமி முடிவு செய்தாள். என் வகுப்பில் தம்பதியரை முப்பது அடி தள்ளி நிறுத்துவேன். ஒருவர் மற்றவருக்குச் சொல்லித்தரக் கூடாது என்பது ஒப்பந்தம். பெரும்பாலும் கணவர்தான் மீறுவார். அவருக்கே அப்போதுதான் வந்திருக்கும், உடனே பக்கத்தில் போய் விளக்கத் தொடங்குவார். உங்கள் மனைவி உங்களுக்கு முன்பே நன்றாக வீசிவிடலாம் என்பதற்கும் தயாராக இருங்கள். பெண்கள் பலத்தை நம்பி வருவதில்லை, அதனால் கோல் தன் வேலையைச் செய்ய விடுகிறார்கள். கைவலு போதுமா என்ற தயக்கம் அவருக்கு இருந்தால் இதைச் சொல்லுங்கள்: மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்காக 1996இல் தொடங்கிய ‘காஸ்டிங் ஃபார் ரிகவரி’ என்ற அமைப்பு, அறுவைக்குப் பிறகான தோளுக்கும் கைக்கும் இதமான பயிற்சியாக இதே வீச்சைத்தான் கற்றுத்தருகிறது.

இனி, தொலைபேசியில் என்ன கேட்பது. நியூயார்க்கில் வழிகாட்டிக்கு மாநில உரிமம் கட்டாயம். அதற்கு முதலுதவி, சிபிஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பது), நீர்ப்பாதுகாப்புச் சான்றுகள் வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொன்னால் நல்லவர் யாரும் முகம் சுளிக்கமாட்டார். ஃப்ளை ஃபிஷர்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 1992 முதல் வீச்சு ஆசிரியர்களுக்கு எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்துச் சான்று தருகிறது. அது இருந்தால் நல்லது, இல்லாமலும் சிறந்த ஆசிரியர்கள் உண்டு. அதைவிட இரண்டு கேள்விகள் எனக்கு நம்பிக்கை தருபவை. “முதல் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம்?” என்று கேளுங்கள், ‘புல்வெளியில்’ என்று பதில் வர வேண்டும். “நாள் முடிவில் எங்களுக்கு என்ன தெரிந்திருக்கும்?” என்று கேளுங்கள். மீன் கணக்கைச் சொன்னால் அவர் வேறு மாதிரியான வாடிக்கையாளருக்கு ஏற்றவர். முடிச்சு, வீச்சு, நீரைப் படிப்பது என்று அவர் பேசத் தொடங்கினால் பதிவு செய்துவிடுங்கள்.

16 வயது நிறைந்தவர்கள் தனித்தனியாக மீன்பிடி உரிமம் வாங்க வேண்டும். வழிகாட்டியின் உரிமம் உங்களுக்குச் செல்லாது. கோல் வாங்கிக்கொண்டு வராதீர்கள், வழிகாட்டியே தருவார். இரண்டு மூன்று கோல்களை வீசிப் பார்த்த பிறகு கடைக்குப் போகலாம். ஏப்ரல் கடைசியில் ஹென்ட்ரிக்சன் என்னும் மேஃப்ளை கிளம்பும்போது ஆறு முழுக்கக் கூட்டம், தண்ணீரும் உயரம். புதியவர்களுக்கு மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை நல்ல காலம். சனிக்கிழமையை விட்டு ஒரு வார நாளில் விடுப்பு எடுத்து வாருங்கள். காய்ந்த காலுறை இரண்டு ஜோடி வண்டியில் இருக்கட்டும்.